அமெரிக்க டாலர் காசோலை, பிரிட்டிஷ் வங்கிக் கணக்கு: மூன்று காசோலைகளின் நிகழ்வு ஆய்வு

பிரிட்டனில் இருப்பவருக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு டாலர் காசோலை தபாலில் வந்து சேர்ந்தால், பெரும்பாலோர் முதலில் வங்கிச் செயலியைத் திறந்து படம் பிடித்துப் பார்க்கிறார்கள். செயலி ஏற்காது. அடுத்து, கிளையில் இருக்கும் இயந்திரத்தில் போட்டுப் பார்ப்பார்கள். அது இன்னும் மோசம். இயந்திரம் உடனே துப்பிவிட்டால் நல்லது. விழுங்கிவிட்டால், 'இதை எங்களால் ஏற்க இயலாது' என்ற கடிதத்தோடு காசோலை சில வாரம் கழித்து வீட்டுக்குத் திரும்பி வரும். காலாவதித் தேதி ஓடிக்கொண்டிருக்கும் காசோலைக்கு அந்தச் சில வாரம் சின்ன விஷயமல்ல.

பிரிட்டனின் காசோலைத் தீர்வு, அதாவது காசோலைப் பணத்தை வங்கிகள் தங்களுக்குள் கொடுத்துத் தீர்க்கும் முறை, 2017 அக்டோபர் 30 முதல் படிப்படியாகப் பட முறைக்கு மாறியது. இப்போது காகிதம் வங்கிக்கு வங்கி பயணிப்பதில்லை, படம்தான் போகிறது. இன்று போட்டால் அடுத்த வேலைநாள் முடிவதற்குள் பணம் கணக்கில் இருக்கும். ஆனால் இந்த வசதி பவுண்டில் எழுதப்பட்டு, பிரிட்டன் தீர்வு முறைக்குள் இருக்கும் வங்கியின் மேல் எடுக்கப்பட்ட, அதாவது அந்த வங்கியின் கணக்கிலிருந்து பணம் தரச் சொல்லி எழுதிய காசோலைக்கு மட்டுமே. காசோலையின் அடியில் காந்த மையில் அச்சான வரியைப் பார்த்தாலே எந்த வகை என்று தெரிந்துவிடும். பிரிட்டிஷ் காசோலையில் காசோலை எண், வங்கிக் கிளையைக் குறிக்கும் 6 இலக்கச் சார்ட் கோடு, 8 இலக்கக் கணக்கு எண் வரிசையாக இருக்கும். அமெரிக்கக் காசோலையில் வங்கியைக் குறிக்கும் 9 இலக்க ரூட்டிங் எண் இருக்கும்.

நாணயத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. பெல்ஃபாஸ்ட் வங்கியின் பவுண்ட் காசோலை உள்நாட்டுக் காசோலை, டப்ளின் வங்கியின் யூரோ காசோலை வெளிநாட்டுக் காசோலை. ஜெர்சி, கெர்ன்சி, மான் தீவு வங்கிகளின் பவுண்ட் காசோலைகள் சாதாரணமாகவே தீரும். நியூயார்க் வங்கியின் மேல் 'பவுண்ட்' என்று எழுதி வந்த காசோலையோ, பவுண்டாக இருந்தாலும் வெளிநாட்டுக் காசோலைதான். அனுப்பியவர் நல்லது செய்வதாக நினைத்துச் செய்வது இது. பலன் ஒன்றும் இல்லை.

எடுத்துக்கொண்ட நிகழ்வு

லெஸ்டரில் வசிக்கும் தமிழ்–ஆங்கில மொழிபெயர்ப்பாளர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஆளும் தொகைகளும் கணக்குக்காக அமைத்தவை. சிக்கல்கள் வங்கிக் கவுன்டர்களில் வழக்கமாக வருபவைதான். அவர் கையில் மூன்று காசோலைகள்:

முதலாவது, அமெரிக்கக் கல்லூரி ஒன்றிலிருந்து மொழிபெயர்ப்புக் கூலியாக 480 டாலர். இரண்டாவது, முன்பு வேலை பார்த்த நிறுவனத்தின் அமெரிக்கத் தாய் நிறுவனப் பங்குகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் ஈவுத்தொகை, 40 டாலர். மூன்றாவது, நியூ ஜெர்சியில் காலமான பெரியம்மாவின் சொத்தில் இவருக்கு எழுதி வைத்திருந்த பங்கு, 9,200 டாலர். அதை எழுதியவர் பெரியம்மாவின் மகன். உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர், அதாவது நிறைவேற்றுநர், அவரே.

மூன்றும் டாலர் காசோலைகள்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் பணம் கசியும் இடம் வேறு. 'எந்த வங்கி மலிவு' என்று மட்டும் தேடுபவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

வங்கி எடுத்துக்கொள்ளும் இரண்டு வழிகள்

முதலில் ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டுக் காசோலை வாங்கும் சேவையைப் பல பிரிட்டிஷ் வங்கிகள் அடியோடு நிறுத்திவிட்டன. இன்னும் வாங்குபவை சில நாடுகள், சில நாணயங்கள், ஒரு குறைந்தபட்சத் தொகை என்று வரம்பு வைத்திருக்கின்றன. கிளைக்குக் கிளம்பும் முன் தொலைபேசியில் நான்கு கேள்வி கேளுங்கள். அமெரிக்க வங்கியின் மேல் எடுத்த டாலர் காசோலை வாங்குகிறீர்களா? குறைந்தபட்சத் தொகை உண்டா? எந்த முறையில் வாங்குகிறீர்கள்? திரும்பி வந்தால் என்ன கட்டணம்? மூன்றாவது கேள்விக்குத் தடுமாறும் ஊழியரிடம் விட்டுவிடாமல், வெளிநாட்டுக் கொடுப்பனவுப் பிரிவுக்கு இணைப்புக் கேட்க வேண்டும்.

முறைகள் இரண்டு. ஒன்று நெகோஷியேஷன். வங்கி காசோலையை உங்களிடமிருந்து விலைக்கு வாங்குவது போல அன்றைய தன் விகிதத்தில் பவுண்டை ஒரு சில நாளில் வரவு வைத்துவிடும். பிறகு தன் பாட்டுக்கு அமெரிக்காவிலிருந்து பணத்தை வரவழைத்துக்கொள்ளும். காசோலை திரும்பினால் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையோடுதான் கொடுக்கிறது. திரும்ப எடுப்பது அன்றைய விகிதத்தில் என்பதால், இடையில் விகிதம் நகர்ந்திருந்தால் கொடுத்ததைவிட அதிகமாகவே எடுக்கப்படலாம்.

மற்றது கலெக்‌ஷன், அதாவது வசூல் முறை. காசோலை எந்த அமெரிக்க வங்கியின் மேல் எடுக்கப்பட்டதோ அந்த வங்கிக்கே அனுப்பி, பணம் வந்த பிறகுதான் வரவு. ஆறு வாரம் ஆவது சாதாரணம், அதற்கு மேலும் ஆகும். உங்கள் வங்கியின் கட்டணம் ஒன்று, நடுவில் இருக்கும் அமெரிக்க வங்கி பிடிக்கும் கட்டணம் ஒன்று. இரண்டாவது எவ்வளவு என்று யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள், வந்த தொகையில் கழிந்திருக்கும்.

பாதுகாப்பு என்று பார்த்தால் வசூல் முறை மேல். செலவு என்று பார்த்தால் சின்னத் தொகைக்கு நெகோஷியேஷன் மேல். எந்த முறை என்பதை வங்கியே முடிவு செய்வதும் உண்டு: ஒரு தொகைக்கு மேல், அல்லது அனுப்பியவரைப் பற்றிச் சந்தேகம் வந்தால், நீங்கள் கேட்டாலும் நெகோஷியேஷன் தரமாட்டார்கள்.

கணக்கு

நடுச்சந்தை விகிதம், அதாவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள விகிதம், 1 பவுண்டுக்கு 1.30 டாலர் என்று கொள்வோம். வங்கி உங்களிடமிருந்து டாலர் வாங்கும்போது தன் லாபத்தைச் சேர்த்து 1.34 என்று போடும். ஏறக்குறைய 3 விழுக்காடு. சில்லறை வாடிக்கையாளருக்கு இது சாதாரண இடைவெளி. நெகோஷியேஷன் கட்டணம் 12 பவுண்ட், வசூல் கட்டணம் 20 பவுண்ட், அமெரிக்க வங்கிப் பிடித்தம் 25 டாலர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வங்கியின் கட்டணப் பட்டியலைப் பார்த்து எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், கணக்கின் போக்கு மாறாது.

480 டாலரின் நடுச்சந்தை மதிப்பு 369.23 பவுண்ட். நெகோஷியேஷனில், 1.34-ஆல் வகுத்தால் 358.21, கட்டணம் போக 346.21. இழப்பு 23 பவுண்ட், அதாவது 6 விழுக்காட்டுக்குச் சற்று மேல். வசூல் முறையில், 25 டாலர் போக 455 டாலர், அது 339.55 பவுண்ட், கட்டணம் போக 319.55. இழப்பு ஏறக்குறைய 50 பவுண்ட், 13 விழுக்காட்டுக்கும் மேல்.

40 டாலர் காசோலைதான் வேடிக்கை. நடுச்சந்தை மதிப்பு 30.77 பவுண்ட். நெகோஷியேஷனில் கைக்கு வருவது 17.85. வசூல் முறையிலோ, 25 டாலர் போக மிஞ்சும் 15 டாலருக்கு 11.19 பவுண்ட் வரும், அதிலிருந்து 20 பவுண்ட் கட்டணம். காசோலையைப் போட்டதற்காக 8.81 பவுண்ட் கையிலிருந்து கட்ட வேண்டும். குறைந்தபட்சத் தொகை என்று வங்கிகள் வரம்பு வைப்பதற்கு இதுவே காரணம். ஆனால் எல்லா ஊழியரும் இதை எச்சரிப்பதில்லை.

9,200 டாலருக்குக் கதை தலைகீழ். நடுச்சந்தை மதிப்பு 7,076.92 பவுண்ட். இவ்வளவு பெரிய தொகைக்கு வசூல் முறைதான் கிடைக்கும் என்று கொண்டால், கடைசியில் வருவது 6,827.01. இழப்பு ஏறக்குறைய 250 பவுண்ட். அதில் இரண்டு வங்கிகளின் கட்டணமும் சேர்ந்து 39 பவுண்டுகூட இல்லை. மீதி 211 பவுண்டும் மாற்று விகிதத்தில் போனது. ரசீதில் 'கட்டணம் 20 பவுண்ட்' என்று மட்டும் அச்சாகியிருப்பதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

ஆக, சின்னத் தொகையைத் தின்பது நிலையான கட்டணம், பெரிய தொகையைத் தின்பது விகிதம். இரண்டுக்கும் மருந்து வேறு.

முதலாவது காசோலை: திருப்பி அனுப்புவதே மலிவு

480 டாலருக்கு நல்ல வழி, அதை மாற்றாமல் இருப்பது. கல்லூரிக் கணக்குப் பிரிவுக்கு எழுதி, காசோலையை ரத்து செய்துவிட்டு ஏசிஹெச் வழியாக அனுப்பச் சொல்ல வேண்டும். ஏசிஹெச் என்பது அமெரிக்காவுக்குள் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் பணம் போகும் வழக்கமான வழி, நம் பக்கத்து நெஃப்ட் போல. அதற்கு அமெரிக்க ரூட்டிங் எண்ணும் கணக்கு எண்ணும் வேண்டும். வைஸ் போன்ற பல நாணயக் கணக்கில், பிரிட்டனில் இருந்துகொண்டே உங்கள் பெயரில் இவற்றைப் பெறலாம். கவனிக்க: இந்தக் கணக்கு ஏசிஹெச் வாங்கும், காசோலை வாங்காது. வந்த காசோலையை அப்படியே அதில் போட்டுவிடலாம் என்று நினைத்துக் கணக்குத் திறப்பவர்கள் ஏமாறுவார்கள்.

மாற்றுக் கட்டணம் 0.6 விழுக்காடு என்று கொண்டால், 480 டாலருக்கு 367.02 பவுண்ட் வரும். இழப்பு 2.21 பவுண்ட். 23 பவுண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எழுதும் கடிதத்தில் இருக்க வேண்டியவை: காசோலை எண், தேதி, தொகை, 'இதை வங்கியில் போடவில்லை, போடவும் மாட்டேன்' என்ற ஒரு வரி, 9 இலக்க ரூட்டிங் எண், கணக்கு எண், கணக்கு வகைக்கு 'செக்கிங்', கணக்கில் உள்ளபடியே பெயர். காசோலையின் இரு பக்கமும் ஸ்கேன் செய்து இணைக்கலாம். மூலக் காசோலையைத் திருப்பிக் கேட்டால், ஸ்கேன் வைத்துக்கொண்டு, தடம் பார்க்கக்கூடிய தபாலில் அனுப்ப வேண்டும். அவர்கள் அனுப்பச் சொல்லும் வரை கிழித்துப் போடக் கூடாது.

கூடவே ஒரு படிவம் கேட்பார்கள். அமெரிக்கக் குடியுரிமையோ அங்கே வரிக் குடியிருப்போ இல்லாதவர் கொடுக்க வேண்டியது டபிள்யூ-8 பென். கணக்குப் பிரிவு பழக்கத்தில் டபிள்யூ-9 அனுப்பிவிடுவது உண்டு. அது அமெரிக்கர்களுக்கான படிவம், அதை நிரப்பக் கூடாது. வேலையை லெஸ்டரில் உட்கார்ந்து செய்ததால் அது அமெரிக்காவுக்கு வெளியே ஈட்டிய கூலி, அங்கே வரி பிடிக்க வேண்டியதில்லை. 'வேலை முழுவதும் அமெரிக்காவுக்கு வெளியே செய்யப்பட்டது' என்று கடிதத்திலும் ஒரு வரி போட்டால் இழுபறி குறையும்.

ரத்து செய்யச் சொல்லிவிட்டு, பதில் வரத் தாமதமானதும் பொறுமையிழந்து அதே காசோலையை வங்கியில் போடுவது ஆபத்து. அங்கே நிறுத்த உத்தரவு ஏறியிருக்கும், காசோலை திரும்பும். திரும்பியதற்கான கட்டணம் இரண்டு பக்கமும் விழும், கல்லூரிக்கும் உங்களுக்கும் மனக்கசப்பு மிஞ்சும். ஒன்று அல்லது மற்றது, இரண்டும் கூடாது.

கேட்கச் சங்கடப்படுபவர்கள் நிறைய. கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இது அன்றாட வேலை, பத்து நிமிட விஷயம். அடுத்த முறை இன்வாய்ஸிலேயே ரூட்டிங் எண்ணைப் போட்டு, 'காசோலை வேண்டாம்' என்று தடித்த எழுத்தில் எழுதிவிட்டால் பேச்சே இல்லை.

கல்லூரி மறுத்தால்?

சில சிறு அமைப்புகள் காசோலை தவிர வேறு வழியில் கொடுப்பதில்லை. அப்போது நெகோஷியேஷன் தரும் வங்கிதான் வழி, அங்கே காசோலை ஏற்கப்பட வேண்டும். இந்தக் காசோலையில் மூன்று கண்ணிகள்.

பெயர். நம்மவர்களுக்கு இது தலைவலி. இலங்கை, தமிழக முறையில் தந்தை பெயர் முன்னெழுத்தாக இருக்கும், பிரிட்டிஷ் ஆவணத்தில் அதுவே குடும்பப் பெயராகியிருக்கும், அமெரிக்கக் காசோலையில் இரண்டும் இடம் மாறி வந்திருக்கும். ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு இன்னும் கூத்து: அமெரிக்க விசாவில் முதற்பெயர் இல்லாதவருக்கு 'எஃப்என்யு', அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்று போடுவார்கள். அது அங்கிருக்கும் கணினிகளில் ஒட்டிக்கொண்டு, காசோலையிலும் பெயருக்கு முன்னால் வந்து நிற்கும். பிரிட்டன் ஊழியர் அதை வேறு ஆளின் பெயர் என்றே எடுத்துக்கொள்வார். பெயர் பொருந்தாவிட்டால் கவுன்டரில் வாதாடாமல் சரியான பெயரில் வேறு காசோலை கேட்பது மேல். காசோலையில் நீங்களே பெயரைத் திருத்தினால் அது திருத்தப்பட்ட காசோலை, குப்பைக்குச் சமம்.

தேதி. 03/04/2025 என்று இருந்தால் அமெரிக்காவில் அது மார்ச் 4, பிரிட்டனில் ஏப்ரல் 3. மார்ச் மூன்றாம் வாரம் கவுன்டருக்குப் போனால், 'இன்னும் தேதி வரவில்லை' என்று திருப்பிவிட வாய்ப்புண்டு. 10/05/2025 என்று இருந்தால் எதிர்ப்பக்கத் தொல்லை: அக்டோபர் 5 எழுதிய புதுக் காசோலையை மே மாதத்தது என்று பழையதாக்கிவிடுவார்கள். கொடுக்கும்போதே வாயால் சொல்லிவிட வேண்டும்.

காலாவதி. அமெரிக்க வணிகச் சட்டப்படி ஆறு மாதத்துக்கு மேலான காசோலையைச் செலுத்த வங்கிக்குக் கடமை இல்லை. ஆனால் பல காசோலைகளில் '90 நாளுக்குப் பின் செல்லாது' என்று தனியாக அச்சடித்திருப்பார்கள், திருப்பிக் கொடுப்பனவுகளிலும் வழக்குத் தீர்வுத் தொகைகளிலும் குறிப்பாக. அட்லாண்டிக் கடக்கத் தபால் இரண்டு வாரம், வசூல் ஆறு வாரம். 90 நாளில் பாதிக்கும் மேல் வழியிலேயே போய்விடும். கையில் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருந்துவிட்டுப் போட்டால், அங்கே போய்ச் சேரும்போது செல்லாக் காசாகியிருக்கலாம்.

பின்பக்கக் கையெழுத்தையும் மறக்கக் கூடாது. பிரிட்டனில் 1957 காசோலைச் சட்டத்துக்குப் பின், தன் கணக்கில் தானே போடும் காசோலைக்குப் பின்பக்கக் கையெழுத்துத் தேவையில்லை. எனவே இங்கே பழகியவர்கள் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்கக் காசோலைக்கு அது வேண்டும். பின்பக்கத்தில் ஓர் ஓரமாக, ஒன்றரை அங்குல அகலத்தில் அதற்கென்று இடம் விட்டிருக்கும், அதற்குள் நீலம் அல்லது கருப்பு மையில், முன்பக்கத்தில் பெயர் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே கையெழுத்திட வேண்டும். வீட்டிலேயே போடாமல் கவுன்டரில் ஊழியர் முன் போடுவது பாதுகாப்பு. கையெழுத்து மட்டும் போட்ட காசோலை வழியில் தொலைந்தால், எடுத்தவர் கைக்குப் பணம் போகும் அபாயம் உண்டு.

இரண்டாவது காசோலை: கட்டணத்தைவிடப் பெரிய ஓட்டை

40 டாலர் ஈவுத்தொகையை வங்கிக்குக் கொண்டு போவதில் பொருளில்லை என்று கணக்கே சொல்லிவிட்டது. ஆனால் அதனோடு வரும் சிறு விவரத்தாளைப் படித்தால் இன்னொன்று தெரியும். மொத்த ஈவு 57.14 டாலர், பிடித்த வரி 17.14. அது 30 விழுக்காடு. பிரிட்டன்–அமெரிக்க வரி ஒப்பந்தப்படி சாதாரணப் பங்குதாரருக்குப் பிடிக்க வேண்டியது 15 விழுக்காடு. டபிள்யூ-8 பென் கொடுத்திருந்தால் 48.57 டாலர் வந்திருக்கும். ஆண்டுக்கு நான்கு முறை என்றால் 34 டாலருக்கு மேல் வித்தியாசம். படிவம் ஒருமுறை கொடுத்தாலும் நிரந்தரமல்ல, கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது காலண்டர் ஆண்டு முடிவில் பொதுவாகக் காலாவதியாகும். 2022-இல் கொடுத்தவருக்கு 2025 முடிவோடு போச்சு. திடீரென்று காசோலைத் தொகை குறைந்ததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

காசோலைக்கு வருவோம். நிறுவனத்துக்காகப் பங்குதாரர் பட்டியலை வைத்திருக்கும் பங்குப் பதிவாளரிடம் மூன்று விஷயம் கேட்கலாம். ஈவுத்தொகையை நேரடியாக வங்கிக்கு அனுப்ப முடியுமா, முடிந்தால் பவுண்டிலேயே அனுப்புவார்களா என்பது ஒன்று. ஈவை மறுமுதலீடு செய்யும் திட்டத்தில் சேர்த்துவிட்டால் காசோலையே வராது, இது இரண்டு. மூன்றாவது, பங்குகளைப் பதிவாளரிடமிருந்து பிரிட்டனில் உள்ள தரகர் கணக்குக்கு மாற்றிவிடுவது. அதற்குப் பிறகு ஈவு தரகர் கணக்கிலேயே விழும், விற்பதும் சுலபம். மாற்றும் வேலை படிவம், கையெழுத்துச் சான்று என்று கொஞ்சம் இழுக்கும், ஆனால் ஒருமுறைதான்.

பழைய காசோலைகள் மேசை இழுப்பறையில் சேர்ந்து கிடந்தால் தூக்கி எறிய வேண்டாம். மாற்றப்படாத ஈவுகள் பதிவாளரிடம் உங்கள் பெயரிலேயே நிற்கும். மொத்தமாக ஒரே கொடுப்பனவாகத் தரச் சொல்லிக் கேட்கலாம்: ஐந்து நாற்பது சேர்ந்தால் இருநூறு, நிலையான கட்டணம் ஒருமுறைதான். ஆண்டுக்கணக்கில் தொடர்பில்லாமல் விட்டால், அந்தத் தொகையும் சில நேரம் பங்குகளுமே மாநில அரசின் உரிமை கோரப்படாத சொத்துப் பிரிவுக்குப் போய்விடும். பல மாநிலங்களில் மூன்று அல்லது ஐந்து ஆண்டு. அங்கிருந்தும் மீட்கலாம், ஆனால் காகித வேலை பல மடங்கு.

மூன்றாவது காசோலை: கணக்கு மூடப்படும் முன்

9,200 டாலரில் ஆபத்து கட்டணத்தில் இல்லை, காலத்தில் இருக்கிறது. நிறைவேற்றுநர் சொத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு திறந்திருப்பார். பங்கு பிரித்துக் காசோலைகளை எழுதி அனுப்பியதும், உள்ளூர் உறவினர்கள் அந்த வாரமே பணமாக்கிவிடுவார்கள். 'எல்லாம் முடிந்தது' என்று கணக்கையும் மூடிவிடுவார். லெஸ்டரிலிருந்து வசூலுக்குப் போன காசோலை ஆறாவது வாரம் போய்ச் சேரும்போது, 'கணக்கு மூடப்பட்டது' என்று திரும்பும். பணம் எங்கும் போய்விடாது. ஆனால் அதைத் திரும்பப் பெற உறவினரைத் துரத்த வேண்டும். மிச்சப் பணத்தை அவர் வேறு இடத்தில் போட்டிருப்பார், இந்தப் பக்கம் திரும்பியதற்கான கட்டணமும் கட்டியாக வேண்டும்.

ஆகவே காசோலை எழுதும் முன்பே சொல்லிவிட வேண்டும்: 'அண்ணா, செக் அனுப்பாதீங்க, வயர் பண்ணிடுங்க. பணம் வந்துதுன்னு நான் சொல்லும் வரைக்கும் அக்கவுன்ட்டை மூடாதீங்க.' ஏற்கனவே அனுப்பிவிட்டிருந்தால் ரத்து செய்துவிட்டு வயர் அனுப்பச் சொல்லலாம்.

வயர் என்பது ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு நேரடியாகப் பணம் அனுப்புவது. அதிலும் இரண்டு வகை. அமெரிக்க வங்கியிலிருந்து நேரே பிரிட்டன் பவுண்ட் கணக்குக்கு அனுப்பினால், அனுப்பும்போதே 'பவுண்டாக மாற்றி அனுப்பவா' என்று கேட்கும், சில வங்கிகள் அதற்குக் கட்டணமே இல்லை என்றுகூட ஆசை காட்டும். லாபம் விகிதத்துக்குள் ஒளிந்திருக்கும். அமெரிக்க ரூட்டிங் எண்ணுள்ள உங்கள் கணக்குக்கு உள்நாட்டு வயராக டாலரிலேயே அனுப்பச் சொல்வது மேல். உள்நாட்டு வயருக்கு 30 டாலர், மாற்றுக்கு 0.6 விழுக்காடு என்று கொண்டால் கைக்கு வருவது 7,011.52 பவுண்ட். வசூல் முறையோடு பார்த்தால் 184 பவுண்ட் மிச்சம். வயர் அனுப்பும் முன் அந்தக் கணக்கு வயர் வாங்குமா, வயருக்கும் ஏசிஹெச்சுக்கும் ரூட்டிங் எண் ஒன்றுதானா, மூன்றாம் நபரின் பணத்துக்கு வரம்பு உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிறைவேற்றுநரின் வழக்கறிஞர் காசோலைதான் என்று பிடிவாதமாக இருந்தால், பிரிட்டிஷ் வங்கியில் டாலர் கணக்கு உதவும். வசூல் கட்டணங்கள் அப்படியே இருக்கும், ஆனால் 1.34 என்ற விகிதம் போய்விடும்: டாலராக வந்து விழும், பிறகு மலிவான இடத்தில் மாற்றலாம். 25 டாலர் பிடித்தம், 20 பவுண்ட் வசூல் கட்டணம், டாலரை வெளியே அனுப்ப 15 பவுண்ட், மாற்ற 0.5 விழுக்காடு என்று எல்லாம் சேர்த்தாலும் 6,987 பவுண்ட் வரும். 250 பவுண்ட் இழப்பு 90 ஆகக் குறைகிறது. ஆனால் டாலர் கணக்கு வைத்திருந்தாலும் அதில் காசோலை போட முடியாது என்று சொல்லும் வங்கிகள் உண்டு. கணக்கு திறக்கும் முன் அதைக் கேட்க வேண்டும். மாதக் கட்டணம் உள்ள கணக்கானால், ஆண்டுக்கு ஒரு காசோலைக்காக வைத்திருப்பது வீண்.

பணம் தங்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் வங்கியின் டாலர் கணக்கு வைப்புப் பாதுகாப்புத் திட்டத்துக்குள் வரும். 2025 டிசம்பர் 1 முதல் அதன் வரம்பு ஒருவருக்கு ஒரு வங்கியில் 1,20,000 பவுண்ட். வைஸ் போன்ற மின்பண நிறுவனங்களின் கணக்கில் பணம் தனியாகப் பிரித்து வைக்கப்படும், அந்தத் திட்டம் பொருந்தாது. மாற்றியதும் பவுண்டை வங்கிக்கு நகர்த்திவிடலாம்.

இந்த மூன்றிலும் சேராத சில

அமெரிக்க உறவினர் யாரிடமாவது காசோலையைக் கையெழுத்திட்டு அனுப்பி, அவர் கணக்கில் போடச் சொல்வது பழைய வழி. சட்டம் தடுக்கவில்லை. ஆனால் இரண்டு கையெழுத்துள்ள காசோலையைப் பல அமெரிக்க வங்கிகள் வாங்குவதில்லை, கைப்பேசி வழிப் போடுவதில் அநேகமாக நிராகரிப்புதான். அங்கே படித்த காலத்தில் திறந்த சொந்தக் கணக்கு இன்னும் உயிரோடு இருந்தால், அதில் கைப்பேசி வழியாகப் போட்டுவிட்டு மாற்றுவதே எல்லாவற்றிலும் மலிவு. அந்தக் கணக்கை மூடாமல் வைத்திருப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

அமெரிக்க அஞ்சலகத்தின் உள்நாட்டு மணி ஆர்டரில், அமெரிக்காவிலும் அதன் ஆட்சிப் பகுதிகளிலும் மட்டுமே செல்லும் என்று முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். அதைப் பிரிட்டனில் யாரிடமும் கொடுத்துப் பயனில்லை, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

அமெரிக்கக் கருவூலக் காசோலை, உதாரணமாக அரசு திருப்பித் தரும் வரிக்கான காசோலை, ஓராண்டு செல்லும். ஆனால் காகிதக் காசோலையையே கைவிடும்படி 2025 மார்ச் 25-இல் கையெழுத்தான ஆணை, 2025 செப்டம்பர் 30-ஐக் கெடுவாக வைத்தது. அமெரிக்க அரசிடமிருந்து பணம் வர வேண்டியவர்கள் வங்கி விவரத்தை இப்போதே கொடுத்துவிடுவது நல்லது. நியூசிலாந்து வங்கிகள் 2021-க்குள் காசோலையை விட்டொழித்தன. ஆஸ்திரேலியா 2028 ஜூன் 30-உடன் புதிய காசோலை எழுதுவதையும், 2029 செப்டம்பர் 30-உடன் ஏற்பதையும் நிறுத்தத் திட்டமிட்டிருக்கிறது.

இந்திய ரூபாய்க் காசோலையைப் பிரிட்டனில் மாற்ற முயல்வது நேர விரயம். வெளிநாட்டில் வசிப்பவர் அதை இந்தியாவில் தன் என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாடுவாழ் இந்தியருக்கான ரூபாய்க் கணக்கு) போட்டு, அங்கிருந்து விதிப்படி அனுப்பிக்கொள்ள வேண்டும். அதுவும் மூன்று மாதத்துக்குள், ஏனெனில் 2012 ஏப்ரல் 1 முதல் இந்தியக் காசோலையின் ஆயுள் அவ்வளவுதான்.

எதிர்பாராத காசோலை, அல்லது கேட்டதைவிடக் கூடுதலான காசோலை வந்து, 'மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்' என்ற செய்தியும் கூட வந்தால், அது மோசடி. நெகோஷியேஷனில் மூன்றாம் நாளே பணம் தெரியும். அதைப் பார்த்து நம்பித்தான் ஆட்கள் மிச்சத்தை அனுப்புகிறார்கள். போலி என்று காசோலை திரும்ப வாரக்கணக்கில் ஆகும், அப்போது வங்கி முழுத் தொகையையும் உங்கள் கணக்கிலிருந்தே எடுக்கும். கணக்கில் 'வரவு' என்று இருப்பது 'தீர்ந்தது' என்று பொருளல்ல. இப்படிச் சந்தேகம் உள்ள காசோலைக்கு, செலவு அதிகமானாலும் வசூல் முறை மட்டுமே.

வரிக் கணக்குக்கு, 480 டாலரின் பவுண்ட் மதிப்பை, பிரிட்டன் வரித்துறையான எச்எம்ஆர்சி வெளியிடும் விகிதம் போன்ற ஒன்றைக் கொண்டு முழுத் தொகையாகக் காட்ட வேண்டும். தொழில் வருமானமாகக் கணக்கு வைப்பவர் வங்கிக் கட்டணத்தைச் செலவில் கழித்துக்கொள்ளலாம். ஈவுத்தொகையையும் பிடித்தம் போகாத மொத்தமாகவே காட்டி, 15 விழுக்காடு வரைக்குமான அமெரிக்க வரிக்கு ஈடு கேட்கலாம். ஒப்பந்தத்துக்கு மேல் பிடித்த மீதி 15-ஐ எச்எம்ஆர்சி தராது, அதை அமெரிக்க வரித்துறையிடம்தான் கேட்க வேண்டும். மூன்றாவது வருமானமே அல்ல, மரபுரிமை. ஆனாலும் 7,000 பவுண்ட் கணக்கில் விழுந்ததும் பணம் எங்கிருந்து வந்தது என்று வங்கி கேட்கக்கூடும். உயிலின் நகல், நிறைவேற்றுநரின் கடிதம், ரத்தான காசோலையின் ஸ்கேன் மூன்றையும் ஒரே கோப்பில் வைத்திருந்தால் அன்றே பதில் அனுப்பிவிடலாம்.